கூடி உழைப்போருக்கும் கூடி வாழ்வோருக்கும் ஞான ஒடுக்கம்

ஜூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய வரலாறு, பணியாற்றிய குருக்களின் வரிசை, மணி வாங்கிய கதை, கொடிமரம் நட்ட கதை என்று எழுதுவதே வழக்கம். அவற்றையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் காண்பீர்கள். நமக்குக் கொடுக்கப்பட்ட பொருள் தியானம். அதிலும், ஒன்றாய் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து செய்யும் தியானமும், ஒரே வீட்டார் சேர்ந்து செய்யும் தியானமும் எங்கே தொடங்கி எவ்வாறு வளர்ந்தன என்பதே கேள்வி. ஜூபிலி ஆண்டில் பங்கின் ஊழியர்களுக்கு ஒரு தியானமும் குடும்பங்களுக்கு ஒரு தியானமும் வைப்பதென்று பங்குப் பேரவை முடிவு செய்திருப்பதால், இதற்கு முன் இதைச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நம் பாட்டிமார் ‘தியானம்’ என்று சொல்லவில்லை. ‘ஞான ஒடுக்கம்’ என்றார்கள். “சாமி ஒடுக்கத்துக்குப் போயிருக்கிறார்” என்றால், அந்த நாட்களில் அவரை எதற்காகவும் தேடக்கூடாது என்று பொருள். நல்ல சொல். வள்ளுவர் காட்டும் ஆமை தன் உறுப்புகளை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வது நினைவுக்கு வருகிறது. இன்று நாம் தவக்காலத்தில் நடத்தும் மூன்று நாள் தியானமோ மாலை ஆறரை மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிகிறது. வேலை முடிந்து ஓடி வந்து, ஒலிபெருக்கியில் உரை கேட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறோம். உரைகள் சிறந்தவைதாம், அவற்றால் மனம் திரும்பியவர்கள் நம்மிடையே உண்டு. ஆனாலும் அதில் எங்கே ஒடுங்குகிறோம்?

கத்தோலிக்கத் திருச்சபையில் இன்று நாம் அறிந்த தியான முறைக்கு வழி வகுத்தவர் புனித இஞ்ஞாசியார். 1521-ஆம் ஆண்டு பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த அந்தப் படைவீரர், மறு ஆண்டு மன்ரேசா என்னும் ஊரில் தங்கி, ஏறக்குறைய பதினொரு மாதம் செபத்திலும் தபசிலும் கழித்தார். அங்கே தாம் கண்டவற்றைக் குறித்து வைத்ததே பின்னர் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்னும் சிறு நூலாயிற்று. பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1548-இல் அதற்கு அங்கீகாரம் அளித்தார். இந்த நூலின் தொடக்கத்தில் 20 குறிப்புகள் இருக்கின்றன. பலர் அவற்றைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். நமக்கு வேண்டிய விஷயம் அங்கேதான் இருக்கிறது. கடைசிக் குறிப்பு, முழுப் பலன் வேண்டுகிறவர் தம் வீட்டையும் நண்பர்களையும் விட்டு வேறோர் இடத்தில் போய்த் தங்க வேண்டும் என்கிறது. அதற்கு முந்திய 19-ஆம் குறிப்போ, பொது அலுவல்களில் சிக்கி விடுபட முடியாதவர் தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, வேலையில் இருந்தபடியே நீண்ட நாட்களில் இப்பயிற்சிகளைச் செய்யலாம் என்று அனுமதிக்கிறது. வேலைக்குப் போகிறவனை இஞ்ஞாசியார் மறக்கவில்லை என்பது நமக்கு ஆறுதல்.

அவருடைய தோழர் புனித சவேரியார் இப்பயிற்சிகளைப் பாரீசில் 1534-இல் செய்தவர். நம் பக்கத்து மயிலாப்பூருக்கு அவர் 1545-இல் வந்து ஏறத்தாழ நான்கு மாதம் தங்கினார். அடுத்து எங்கே போவது என்று தெரியாத நேரம் அது. புனித தோமையாரின் சந்நிதியில் செபித்து, இறைவனின் சித்தத்தை அறிய வேண்டிக்கொண்டதாகவும், மலாக்காவுக்குப் போகும்படி உள்ளத்தில் தெளிவு பெற்றதாகவும் அவரே கடிதம் எழுதியுள்ளார். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கிறது அந்த இடம்.

சவேரியார் தனியே ஒடுங்கினார். கூடி உழைப்போரின் ஒடுக்கத்துக்குத் தமிழ் மண்ணில் உதாரணம் தேடினால் மதுரை மிஷனைத்தான் பார்க்க வேண்டும். 1606-இல் தத்துவ போதகர் மதுரைக்கு வந்தபின் அந்த மிஷன் விரிந்து பரவியது. ஒரு குருவின் பொறுப்பில் இருந்த நிலப்பரப்பு இன்றைய ஒரு மாவட்டத்துக்கும் அதிகமாயிருந்தது. பல கிராமங்களுக்கு அவர் ஆண்டுக்கு ஒரு முறை போவதே அரிது. மற்ற நாட்களில் அங்கே திருச்சபையை நடத்தியவர்கள் யார்? வேதியர்கள், அதாவது உபதேசியார்கள். செபம் கற்பித்தார்கள், சாகும் தறுவாயில் இருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், இறந்தோரை அடக்கம் செய்தார்கள், சண்டை வந்தால் தீர்த்து வைத்தார்கள், கலகக் காலத்தில் குருவை மறைத்து வைத்ததும் அவர்களே. மிகச் சொற்பமான படி. பலர் அடியும் சிறையும் கண்டவர்கள். புனித அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் தலை கொடுத்தார் என்பதை அறிவோம். அவரோடு துன்புற்ற உபதேசியார்களின் நினைவு நமக்கு மங்கிவிட்டது.

இந்த வேதியர்களை ஆண்டுக்கொரு முறை குருக்கள் தம்மிடம் வரவழைப்பது வழக்கம். நடந்தே வருவார்கள். முதலில் கணக்கு: தத்தம் ஊரில் யார் ஞானஸ்நானம் பெற்றார்கள், யார் இறந்தார்கள், எங்கே வழக்கு தீராமல் கிடக்கிறது. அடுத்து சில நாட்கள் ஒடுக்கம்: தியானம், ஆன்ம சோதனை, பாவசங்கீர்த்தனம், நற்கருணை. பிறகு புத்திமதியும் அடுத்த ஆண்டுக்கான கட்டளைகளும். இன்றைய கம்பெனிகளில் ஆண்டுக்கொரு முறை ஊழியர்களை விடுதிக்கு அழைத்துச் சென்று கூட்டம் போடுகிறார்களே, அதில் கணக்கு இருக்கும், கட்டளையும் இருக்கும். நடுவில் உள்ளதுதான் இருக்காது. மிஷனில் அந்த நடுவே முதன்மையாயிருந்தது. ஆண்டு முழுவதும் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அந்தச் சில நாட்கள் மட்டும் கேட்கிறவர்களாக உட்கார்ந்தார்கள். அவர்கள் முன் பேசிய குருவும் அதே ஒடுக்கத்தை ஆண்டுதோறும் தாமே செய்ய வேண்டியவர்.

வீரமாமுனிவர் 1711-இல் இந்த மிஷனுக்கு வந்தவர். ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் பணியாற்றினார். புலவர்களுக்கு அவர் தேம்பாவணியைத் தந்தார். வேதியர்களுக்கென்று 1727-இல் ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற வசன நூலை எழுதிக் கொடுத்தார். தியானத்துக்குரிய ‘ஞான உணர்த்துதல்’ என்ற நூலும் அவர் செய்ததே. தமிழ் உரைநடையின் வரலாற்றில் இந்நூல்களுக்கு இடமுண்டு என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அவர் எழுதியதோ, ஊர் ஊராய்ச் சிதறிக் கிடந்த ஒரு வேலைக்குழு தன் உள்ளத்தைப் பழுது பார்த்துக்கொள்ள. தேம்பாவணியின் தலைவர் புனித சூசையப்பர் என்பதையும் இங்கே நினைக்கலாம். தச்சுப் பட்டறையும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடு அது. வேலைக்கு ஒரு தியானம், வீட்டுக்கு ஒரு தியானம் என்று பிரித்துப் பேசும் அவசியம் நாசரேத்தில் எழுந்திராது.

1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டது. மதுரை மிஷனுக்கு அச்சபையினர் மீண்டும் வந்தது 1838-இல். இடைப்பட்ட காலத்தின் சிரமங்களை விரிக்கப் புகுந்தால் மலர் கொள்ளாது.

பெண்களின் கதையை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. வீட்டை விட்டுப் போய்த் தங்கு என்ற 20-ஆம் குறிப்பு ஆண்களுக்கு எளிது. அடுப்பையும் தொட்டிலையும் விட்டு யார் போவது? பிரான்சு நாட்டில் லா லூவெஸ்க் என்னும் மலையூரில் புனித ரெஜிசின் கல்லறை உள்ளது. அங்கே யாத்திரை வந்த பெண்கள் சத்திரங்களில் ஆண்களோடு நெரிசலில் கிடப்பதைக் கண்ட தெர்ம் என்ற குரு, 1826-இல் பெண்களுக்கென்று ஒரு தங்கும் வீடு திறந்தார். அதை நடத்த வந்த இளங்கன்னி தெரேசா குதெர்க். வந்தவர்கள் தங்கினால் மட்டும் போதாது, அமைதியும் வேண்டும் என்று கண்டு, அந்த வீட்டைத் தியான இல்லமாக மாற்றினார்கள். செனாக்கிள் சபை அங்கே பிறந்தது. 1970-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் குதெர்க்கைப் புனிதையாக உயர்த்தினார். ஏழைப் பெண் தலை சாய்க்க ஓர் அறை கிடைத்த பிறகே அவளுக்குத் தியானம் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

இருபதாம் நூற்றாண்டில் தொழிலாளர் தியானங்கள் ஐரோப்பாவில் பரவின. பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1922-இல் இஞ்ஞாசியாரைத் தியானங்களுக்குப் பாதுகாவலராக அறிவித்தார். 1929 டிசம்பரில் எழுதிய சுற்றுமடலில் தொழிலாளருக்கான தியானங்களைத் தனியே எடுத்துப் பாராட்டியதோடு, வத்திக்கான் அரண்மனையிலேயே ஆண்டுதோறும் தியானம் நடக்கும் என்று ஏற்படுத்தினார். பாப்பரசரும் அவருடைய அலுவலகத் தலைவர்களும் சேர்ந்து செய்யும் தியானம் அது. ஆனால் அலுவலகமும் அதே வளாகத்தில். உரை முடிந்ததும் மேசைக்குப் போய் இரண்டு கோப்புகளைப் பார்த்து வர யாருக்குத்தான் கை அரிக்காது? 2014-இல் பாப்பரசர் பிரான்சிஸ் இதற்கு ஒரு வழி செய்தார். எல்லாரையும் உரோமுக்கு வெளியே அரிச்சா என்னும் ஊரிலுள்ள தியான இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். தனிக் கார் கிடையாது. கர்தினால்மாரோடு பாப்பரசரும் ஒரே பேருந்தில் ஏறி உட்கார்ந்து போனதைப் படங்களில் பார்த்தோம். பிறகு பல ஆண்டுகள் அவ்வாறே நடந்தது.

இனி நம் திருநீர்மலைக்கு வருவோம். இந்த ஊர் கிறிஸ்தவர்களால் பெயர் பெற்ற ஊரன்று. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்று. மலையைச் சுற்றி நீர் நிறைந்திருந்தபடியால், அது வடியும்வரை திருமங்கையாழ்வார் எதிரே ஆறு மாதம் தங்கிக் காத்திருந்து தரிசித்தார் என்பது நம் அண்டை வீட்டார் சொல்லும் வரலாறு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் நம் பகுதியைச் சூழ்ந்தபோது இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு, அழுதவர்களும் உண்டு.

இதே வட்டாரத்தில், திருமுடிவாக்கம் வழியாகப் பழந்தண்டலம் போகும் சாலையில், ‘தம்ம சேது’ என்ற விபாசனா தியான மையம் இருக்கிறது. பத்து நாள் தங்க வேண்டும். அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். பத்தாம் நாள் வரை யாரோடும் பேச்சில்லை. கட்டணம் கிடையாது, முன்பு செய்து பலன் கண்டவர்களின் கொடையில் நடக்கிறது. அவர்கள் கோட்பாடு வேறு, நம் விசுவாசம் வேறு. இருந்தும் அந்த முறை நமக்கு அண்டையில் வந்து சேர்ந்த கதை, நம் தலைப்புக்கென்றே அமைந்தது போல் இருப்பதால் சொல்கிறோம்.

பர்மா 1948-இல் சுதந்திரம் பெற்றபோது அந்நாட்டின் அக்கவுண்டண்ட் ஜெனரலாகப் பொறுப்பேற்றவர் ஊ பா கின். அரசாங்கத்தின் தலைமைக் கணக்கர். அதே சமயம் தீவிரமான தியானி. அலுவலகத்திலேயே ஓர் அறையைத் தியானத்துக்கு ஒதுக்கினார். 1950-இல் தம் அலுவலக ஊழியர்களுக்கென்று ஒரு விபாசனா சங்கம் அமைத்தார். 1952-இல் ரங்கூனில் ஒரு தியான மையம் எழுந்தது. கணக்கு எழுதும் குமாஸ்தாக்களோடு தலைமை அதிகாரி கண் மூடி உட்கார்ந்தார். அவரிடம் 1955-இல் தீராத தலைவலியோடு வந்து சேர்ந்தவர் சத்ய நாராயண் கோயங்கா என்ற வணிகர். அந்தக் கோயங்கா 1969-இல் பர்மாவிலிருந்து இந்தியா வந்தார். எதற்காக? பம்பாயில் தம் தாயார் நோயுற்றிருந்தார், அவருக்குக் கற்பிக்க. அவ்வாண்டு ஜூலையில் பம்பாயில் ஒரு தர்மசாலையில் அவர் நடத்திய முதல் பயிற்சியில் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இல்லை; அவர்களுள் அவருடைய தாயும் தந்தையும் இருந்தார்கள். ஓர் அலுவலகத்தில் வளர்ந்து, ஒரு குடும்பத்துக்காகக் கடல் கடந்து வந்த முறை இது. நம் குருக்களும் கன்னியரும் பலர் அங்கே போய் அமர்ந்து வந்திருக்கிறார்கள்.

தாம்பரத்திலும் ஒரு பெருங்கூட்டம் நடந்தது. பிரிவினைச் சகோதரர்களின் உலக மிஷன் மன்றம் 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, முந்திய ஆண்டுதான் தாம்பரத்துக்கு இடம் மாறியிருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடியது. முதலில் சீனாவில் கூட நினைத்திருந்தார்கள். போர் மூண்டதால் இங்கே வந்தார்கள். பல நாட்டார் மாணவர் விடுதிகளில் தங்கி இரண்டரை வாரம் ஒன்றாய் உண்டு, செபித்து, விவாதித்தார்கள். ஓராண்டுக்குள் அவர்களுடைய நாடுகளிற் பல ஒன்றையொன்று குண்டு வீசித் தாக்கிக்கொண்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

குடும்பத் தியானத்துக்கு வருவோம். கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யும் தியானத்தை இன்றுள்ள வடிவில் தொடங்கியவர் ஸ்பெயின் நாட்டுக் குருவான கபிரியேல் கால்வோ. 1962-இல் பார்சலோனாவில் 28 தம்பதியரோடு நடத்தினார். அந்த இயக்கம் பின்னர் அமெரிக்கா வழியாக உலகெங்கும் பரவி, ‘மேரேஜ் என்கவுண்டர்’ என்ற பெயரில் நம் நாட்டுக்கும் வந்தது. முறை எளிது. வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை பிள்ளைகள் இல்லாமல் தங்குகிறார்கள். சிறிது நேரம் உரை, பிறகு கணவன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறான், மனைவி ஒன்றில் எழுதுகிறாள், மாற்றிப் படிக்கிறார்கள், பேசுகிறார்கள். நம் ஊர் ஆண்களுக்கு இது முதலில் கூச்சமாயிருக்கும். இருபது ஆண்டு இல்லறத்தில் மளிகைச் சீட்டைத் தவிர மனைவிக்கு எதுவும் எழுதியறியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பிள்ளை குட்டிகளோடு போகிற தியானம் நம் மக்களுக்குக் கேரளத்திலிருந்து வந்தது. வின்சென்ஷியன் குருக்கள் முதலில் பொட்டாவிலும், 1990 முதல் முரிங்கூர் டிவைன் தியான மையத்திலும் ஞாயிறு முதல் வெள்ளி வரை நடத்தும் தியானங்களுக்குத் தமிழ்க் குடும்பங்கள் ரயிலேறிப் போயின. தமிழிலும் அங்கே தியானம் நடக்கிறது. குடித்துக் கெட்டவன் திருந்தி வந்த வீடுகள் உண்டு. திரும்பி வந்த மூன்றாம் மாதம் மீண்டும் கெட்டவனும் உண்டு. ஒன்று சொல்லலாம்: அங்கே போன தாய்மார் பலருக்கு, கல்யாணமான நாள் முதல் தாம் சமைக்காத சோற்றை ஐந்து நாள் உட்கார்ந்து உண்டது அதுவே முதல் முறை.

மேலே சொன்னவற்றை அடுக்கிப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் நமக்குப் படுகின்றன. தலைவர் தாமும் உள்ளே வந்து உட்கார்ந்த இடங்களில் வேலைக்குழுவின் ஒடுக்கம் வேர் பிடித்தது. மிஷன் குரு, பர்மாவின் தலைமைக் கணக்கர், பேருந்தில் ஏறிய பாப்பரசர் ஆகியோர் யாரும் “நீங்கள் போய் வாருங்கள்” என்று ஆளனுப்பி வைக்கவில்லை. அடுத்தது, வீட்டாரின் ஒடுக்கத்துக்கு முன் வேறொருவர் அடுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

நம் பங்கின் நிலைமை எளிதன்று. குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டையும், பம்மல், நாகல்கேணித் தோல் தொழிற்சாலைகளும் நம் பெரியவர்களுக்குச் சோறு போட்டன. 1984-இல் தொடங்கிய தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்துக்கு நம் பெண்கள் பலர் வேலைக்குப் போகிறார்கள். இளைஞர்கள் இரவு ஷிப்டு முடித்துக் காலையில் படுக்கிறார்கள். ஒரே வீட்டில் நால்வருக்கு நான்கு விடுமுறை நாள். மகளின் புதுநன்மைக்கு முந்திய நாள் தியானத்துக்கு ஒரு நாள் விடுப்புக் கேட்ட தாயொருவருக்கு, மேற்பார்வையாளர் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு விடுப்புத் தந்த கதை நமக்குத் தெரியும். மூன்று நாள் தங்கும் தியானம் என்றால் மூன்று நாள் கூலி. இதை மேடையில் நின்று ‘தியாகம்’ என்று சொல்லிவிடுவது சுலபம்.

ஆகவே பேரவையில் நெடுநேரம் பேசி, ஊழியர் தியானம் முதலில் என்று வைத்திருக்கிறோம். அன்பியப் பொறுப்பாளர்கள், பாடகர் குழுவினர், மறைக்கல்வி ஆசிரியர்கள், வின்சென்ட் தே பவுல் சபையினர், மரியாயின் சேனையினர், கோவில் பிள்ளை, பேரவை உறுப்பினர் எல்லாரும் ஒரே பேருந்தில். பங்குத்தந்தையும் அதே பேருந்தில், கேட்கிறவராக. உரைக்கு வெளியிலிருந்து ஒரு குரு வருவார். கூலி இழப்பவர்களுக்கு ஜூபிலி நிதியிலிருந்து ஈடு செய்வது என்ற தீர்மானம் இரண்டு கூட்டங்கள் இழுபறியாகி மூன்றாவதில் நிறைவேறியது. வாணவேடிக்கைக்கு ஒதுக்கிய தொகை அங்கே போயிற்று, வருத்தப்பட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும். வர இயலாதவர்களுக்கு 19-ஆம் குறிப்பின்படி, வீட்டிலிருந்தே நாள்தோறும் சிறிது நேரம் செய்யும் முறை அச்சிட்டுக் கொடுக்கப்படும்.

குடும்பத் தியானம் அதற்குப் பின், பங்கு வளாகத்திலேயே, சனி காலை முதல் ஞாயிறு மாலை வரை. சிறுவர்களைப் பார்த்துக்கொள்ள இளைஞர் குழு ஒப்புக்கொண்டுள்ளது. சமையல் முழுவதும் ஆண்கள் பொறுப்பு. பெயர் கொடுப்பதற்கான தாள் சக்ரீஸ்து அறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. இம்மலர் அச்சுக்குப் போகும் நாளில் பதினொருவர் கையெழுத்திட்டிருந்தார்கள். விசாரித்ததில் அவர்களுள் சாம்பார் வைக்கத் தெரிந்தவர்கள் மூவர். மற்ற எண்மருக்கும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்குக் கூடத்தில் பயிற்சி நடக்கிறது.